சொறிசிரங்கு தாயின் குற்றமல்ல

மாரிகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீள்குடியேறிய கிராமமொன்றில் பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு தாய் தன் ஏழு வயது மகனின் கையைப் பிடித்தபடி எம்முன் வந்து நின்றார். “சுவாமி, இவன்ர முகத்தை ஒருக்காப் பாருங்கோ. மூண்டு நாளாக் காலமை எழும்பேக்க கண்ணெல்லாம் அதைச்சுக் கிடக்கு. பின்னேரம் வத்திப் போகுது. நுளம்பு கடிச்சதெண்டு விட்டிட்டன்” என்றார். சலம் எப்படிப் போகிறான் என்று கேட்டோம். “சாயத்தண்ணி மாதிரி. அதுவும் கொஞ்சந்தான்” என்றார்.

ஓட்டோ ஒன்றைப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். பிள்ளையின் குருதி அமுக்கம் வளர்ந்தவர்களுக்கே அதிகம் என்று சொல்லத்தக்க அளவில் இருந்தது. வைத்தியர் முகத்தைப் பார்த்த கையோடு காற்சட்டையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பார்த்தார். காய்ந்துபோன சிரங்கின் தழும்புகள் அங்கே இருந்தன. “இது எப்ப வந்தது?” என்றார். நாலைந்து கிழமைக்கு முன்னர் என்றார் தாய். “அதுதான்” என்று சொல்லிவிட்டு வைத்தியர் எழுதத் தொடங்கினார்.

அந்த “அதுதான்” என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பின்னர் சொல்வோம். அதற்கு முன்பு, விடுதியில் அனுமதிக்கும்போது அங்கிருந்த ஒருவர் அந்தத் தாயைப் பார்த்துக் கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். “பிள்ளையைக் குளிக்க வார்க்கிறேல்லையோ? என்ன தாய் நீர்?” என்றார். தாய் தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொல்லவில்லை. பதில் எமக்குத் தெரியும். அந்த வீட்டில் ஆறு பேர். கிணறு உவராகிவிட்டது. இரண்டு நாளுக்கு ஒருமுறை வரும் பவுசரில் அந்தக் குடும்பத்தின் பங்கை நாட்கணக்குக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு மூன்று வாளி. குடிக்கவும் சமைக்கவும் சட்டி பானை கழுவவும் அதற்குள்தான் பார்க்க வேண்டும். மீதியில்தான் பிள்ளைகளைக் குளிக்க வார்க்க வேண்டும்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

முதலில் நோயைப் பற்றி. தோலில் மஞ்சள் நிறப் பொருக்குடன் வரும் சிரங்குக்குப் பெரும்பாலும் இரண்டு வகைக் கிருமிகள் காரணம். அவற்றுள் ஒன்று ஸ்ரெப்ரோகொக்கஸ் எனப்படும் பற்றீரியா. நுளம்புக் கடி, முள்ளுக் கீறல், சொறிந்த இடம் என்று எந்தச் சிறு வாசலாலும் அது உட்புகும். சிரங்கு ஓரிரு கிழமையில் காய்ந்துவிடும். தாயும் நிம்மதியடைவார். ஆனால் இக்கிருமியின் சில இனங்கள் பிள்ளையின் உடலில் வேறொரு கணக்கைத் தொடங்கிவிட்டே போகின்றன. தோலில் சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு கிழமைகளுக்குள், அதாவது புண் ஆறி எல்லோரும் அதை மறந்துவிட்ட பிறகு, குண்டிக்காய் வீங்கத் தொடங்குகிறது. தொண்டைப் புண்ணின் பின்னும் இந்நோய் வரும். அங்கே இடைவெளி குறைவு, ஒன்று முதல் மூன்று கிழமை. பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளையே இது பிடிக்கிறது.

கிருமி குண்டிக்காய்க்குள் சென்று குடியிருப்பதில்லை. கிருமியை எதிர்க்க உடல் செய்யும் எதிர்ப்புப் பொருள்கள் கிருமியின் துணுக்குகளோடு சேர்ந்து, குண்டிக்காயின் நுண்ணிய வடிகளில் போய்ப் படிந்துவிடுகின்றன. ஒவ்வொரு குண்டிக்காயிலும் ஏறத்தாழ 10 இலட்சம் வடிகள் உண்டு. கமக்காரருக்கு இதை விளக்குவது கடினமல்ல. மாரியில் குளத்து மதகின் வாயில் சருகும் சேறும் வந்து அடைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? வெளியே போக வேண்டிய நீர் போகாது. குளத்தில் நீர்மட்டம் ஏறும். அணைக்கட்டில் அழுத்தம் கூடும். உடலிலும் அப்படியே. சலம் குறைகிறது. நீரும் உப்பும் உடலில் தேங்கி முகமும் காலும் அதைக்கின்றன. குருதி அமுக்கம் ஏறுகிறது. பழுதுபட்ட வடிகளால் இரத்தம் கசிவதனால்தான் சலம் சாயத்தண்ணி நிறமாகிறது. அமுக்கம் அளவு மீறினால் தலையிடி, சத்தி, வலிப்பு என்று போகும். நீர் நெஞ்சுக்குள் ஏறினால் மூச்சு முட்டும். பிள்ளைகள் இறப்பது இப்படித்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், நேரத்துக்கு வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றால் மிகப் பெரும்பாலான பிள்ளைகள் முழுமையாகக் குணமடைகிறார்கள். சலம் சில நாட்களில் கூடத் தொடங்கும், வீக்கம் வற்றும். கண்ணுக்குத் தெரியாத அளவில் சலத்தில் இரத்தம் மட்டும் பல மாதங்களுக்கு இருக்கக்கூடும்.

சிறுநீரக நோய் என்றதும் எம்மக்கள் பலருக்கு மதவாச்சி, பதவியா பக்கத்துக் கமக்காரர்களைப் பல ஆண்டுகளாக வாட்டிவரும் நோய்தான் நினைவுக்கு வரும். அது வேறு. அது வளர்ந்தோரைப் பிடித்து, சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் குண்டிக்காயைத் தின்று, திரும்பிவராத நிலைக்குக் கொண்டுபோவது. இது பிள்ளைகளுக்குத் திடீரென்று வருவது. பெரும்பாலும் திரும்பிப் போவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு “இனி இரத்தம் சுத்திகரிக்கிறதுதான்” என்று அயலவர் ஒருவர் சொல்ல, அந்தத் தாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அயலவர் வாயையும் கொஞ்சம் வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும்.

இனி எமது வாதத்துக்கு வருவோம். இந்நோய் உலகில் எங்கெங்கே கூட்டமாக வந்திருக்கிறது என்று பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ரெட் லேக் என்னும் பூர்வகுடிகளின் ஒதுக்கிடத்தில் 1953இலும் 1966இலும் இது பிள்ளைகளிடையே பரவியது. மேற்கிந்தியத் தீவுகளில் தெற்கு திரினிடாட்டில் மீண்டும் மீண்டும் வந்தது. அங்கே 1971இல் முதலில் சொறி ஊரெங்கும் பரவியது, அதைத் தொடர்ந்து குண்டிக்காய் அழற்சி பரவியது. அவுஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில் ஆதிக்குடிகளின் குடியிருப்புகளில் இன்றைக்கும் வருகிறது. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சத்து 70 ஆயிரம் பேருக்கு இது வருகிறது. 5,000 பேர் வரை இறக்கிறார்கள். 97 வீதமானவை வறிய நாடுகளில். ரெட் லேக் தாய்மாரும் திரினிடாட் தாய்மாரும் எமது தாய்மாரும் ஒருசேரச் சோம்பேறிகளாக இருந்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. நெருக்கமான வீடு, போதாத நீர் ஆகியவையே அவர்களுக்குப் பொதுவாக இருந்தவை.

எமக்கே இது அனுபவம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானவர்களுள் நாமும் ஒரு பள்ளிச் சிறுவனாக நடந்தோம். தென்மராட்சியில் ஒரு பாடசாலையின் ஒரே வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள். ஒரே பாயில் நாலு பிள்ளைகள். ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சொறி. இரவில்தான் கடி கூடும். ஒரு வெள்ளை மருந்தைப் பூசுவார்கள். புண்ணில் பட்டால் நெருப்பு மாதிரி எரியும். நாம் வகுப்பறையைச் சுற்றி ஓடுவோம். ஒருவருக்குப் பூசினால் மற்றவருக்கு இருக்காது. இவருக்கு மாறும்போது அவருக்கு வரும். 2009இல் வவுனியா மனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தறப்பாள் கூடாரங்களுக்குள் நெருக்கப்பட்டிருந்தபோதும் பிள்ளைகள் இப்படித்தான் சொறிந்துகொண்டிருந்தார்கள். 2012 செப்ரெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. ஆனால் காணி இன்னும் கைக்கு வராமல் உறவினர் வளவில் ஒரு கொட்டிலில் இரண்டு குடும்பமாக இருப்பவர்களுக்கு முகாம் மூடப்பட்டதனால் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.

நிவாரணப் பணியில் அளவுகள் உண்டு. 1997இல் தொடங்கிய ஸ்பியர் திட்டத்தின் கைந்நூல் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர் என்கிறது. ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு 90 லீற்றர், அதாவது எமது சாதாரண வாளியில் ஆறு. அந்தத் தாய்க்குக் கிடைத்தது மூன்று. அதே கைந்நூல் குளிப்பதற்கு ஒருவருக்கு மாதம் 250 கிராம் சவர்க்காரம் என்கிறது; உடுப்புத் தோய்க்க இன்னும் 200 கிராம். ஆறு பேருக்குக் குளிப்பதற்கு மட்டும் 100 கிராம் கட்டிகள் பதினைந்து வேண்டும். நாமும் நிவாரணம் வழங்கியவர்கள்தாம். எமது பொதியில் குடும்பத்துக்கு இரண்டு கட்டி வைத்தோம். கூரைத் தகடும் விதைநெல்லும் எண்ணி எண்ணிக் கொடுத்தோம், படம் எடுத்தோம், அறிக்கை எழுதினோம். சவர்க்காரத்தைப் பற்றி எவரும் கேட்கவுமில்லை, நாமும் நினைக்கவுமில்லை. ஆகவே அந்த விடுதியில் கேட்கப்பட்ட கேள்வி எம்மிடமே முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

சவர்க்காரம் அற்ப விடயம் என்று எண்ண வேண்டாம். கராச்சி நகரத்தின் வறிய குடியிருப்புகளில் வீடுகளுக்குச் சவர்க்காரம் கொடுத்துக் கைகழுவும் பழக்கத்தையும் ஊக்குவித்த ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. அந்த வீடுகளின் பிள்ளைகளுக்குச் சிரங்கு 34 வீதம் குறைந்தது. வயிற்றோட்டமும் நியுமோனியாவும் ஏறக்குறைய அரைவாசி குறைந்தன.

எனினும் எமது ஊர்களில் சிரங்குக்கு வழிவிடும் பெருவாசல் சொறிதான். சொறி ஒரு நுண்ணிய பூச்சியால் வருவது. அது தோலைக் குடைந்து உள்ளே முட்டையிடும். முதன்முறை தொற்றியவருக்குக் கடி தொடங்க நாலு முதல் ஆறு கிழமை செல்லும். இதைத் தாய்மார் கவனிக்க வேண்டும். கடியே இல்லாத பிள்ளையிடமும் தகப்பனிடமும் பூச்சி இருக்கும். அவர்களிடமிருந்து மீண்டும் வரும். “மருந்து பூசியும் மாறேல்லை” என்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான். மருந்தில் குறையில்லை, ஒருவருக்கு மட்டும் பூசியதே குறை.

பீஜித் தீவுகளில் 2012இல் தொடங்கிய ஒரு முயற்சி இதைத் தெளிவாகக் காட்டியது. ஓரிடத்தில் சொறியோடு வந்தவர்களுக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும் மட்டும் வழக்கம்போல் மருந்து கொடுத்தார்கள். ஓராண்டில் சொறி 37 வீதத்திலிருந்து 19 வீதமாகக் குறைந்தது. வேறோரிடத்தில், சொறி இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, ஊர் முழுவதற்கும் ஐவமெக்ரின் என்ற குளிசையைக் கொடுத்தார்கள். அங்கே 32 வீதமாக இருந்த சொறி 2 வீதமாயிற்று. சிரங்குக்கென்று தனி மருந்து கொடுக்காமலே அது 25 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறங்கியது. சொலமன் தீவுகளில் இதற்கு முன்னரே ஊரோடு மருந்து கொடுத்தபோது பிள்ளைகளின் சலத்தில் இரத்தம் காணப்படுவதும் குறைந்திருந்தது. தோலில் போட்ட முடிச்சு குண்டிக்காயில் அவிழ்ந்தது.

எமது ஊரில் குளிசையா பூச்சு மருந்தா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அந்தக் குளிசை கொடுப்பதில்லை. பேர்மெத்ரின் பூச்சு, எமது பழைய எரியும் வெள்ளை மருந்தான பென்சைல் பென்சோயேற் ஆகிய இரண்டும் முறையாகப் பூசினால் வேலை செய்யும். முறை என்பது இதுதான்: கடிக்கிற இடத்துக்கு மட்டுமன்றிக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி, விரலிடுக்கு, தொடையிடுக்கு எல்லாம் பூச வேண்டும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். எவ்வளவு நேரம் விட வேண்டும், எப்போது மறுபடி பூச வேண்டும் என்று கேட்டறிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு வெள்ளை மருந்தைத் தண்ணீர் கலந்தே பூச வேண்டும். அளவை மருந்து தருபவரே சொல்வார். அன்றைய பாய், துவாய், உடுப்பு ஆகியவற்றைத் தோய்த்து நல்ல வெயிலில் போடலாம். தோய்க்க நீரில்லையென்றால் ஒரு பையில் இறுகக் கட்டி மூன்று நாளுக்கு மேல் தொடாமல் வைத்தாலும் பூச்சி செத்துவிடும். நீரில்லாத ஊருக்கு இது பெரிய உதவி. மண்ணெண்ணெய் பூசுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தோல் வெந்து போகும். கிருமிக்கு இன்னொரு வாசல் திறக்கும்.

இன்னொன்று. சிரங்கு வந்தவுடன் “கிரந்தி” என்று சொல்லிப் பிள்ளைக்கு மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். பெரியவர்கள் சொன்னதை இகழ்வது எமது நோக்கமன்று. ஆனால் புண் ஆறுவதற்குச் சத்துத் தேவைப்படும் நேரத்தில் சத்தை நிறுத்துவது விதைத்த வயலுக்கு நீரை மறிப்பது போன்றது. பொருக்கைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, புண்ணை மூடி, இரண்டு மூன்று இடத்துக்கு மேல் பரவினால் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் பெனிசிலின் போன்ற மருந்து தரக்கூடும். அது அந்தப் பிள்ளைக்குக் குண்டிக்காய் வீக்கம் வராமல் தடுத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கிருமி தம்பிக்கும் தங்கைக்கும் பக்கத்துக் கொட்டிலுக்கும் போவதை அது நிறுத்தும். அதனால்தான் புண் காய்ந்துவிட்டது என்று பாதியில் மருந்தை நிறுத்தக்கூடாது.

சிரங்கு ஆறிய பின் ஆறு கிழமைக்குப் பிள்ளையின் முகத்தைக் காலையில் பாருங்கள். வயலுக்குப் போகும் அவசரத்தில் தாய்க்கு முடியாவிட்டால் அம்மம்மாவிடம் சொல்லி வையுங்கள். முகம் பார்ப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. கண் இமை அதைத்திருந்தாலோ சலம் கறுத்தாலோ குறைந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே “சிரங்கு வந்தது” என்பதை மறக்காமல் சொல்லுங்கள். குருதி அமுக்கத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. சலம் போகவில்லை என்று பார்லித் தண்ணீரும் இளநீரும் பருக்குவது எம்மவர் வழக்கம். இந்நோயில் அது ஆபத்து. போக வழியில்லாத நீர் நெஞ்சுக்கு ஏறும். இளநீரிலுள்ள பொற்றாசியம் இயங்காத குண்டிக்காயால் வெளியேற்றப்படாமல் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பக்கற் நூடில்ஸ் என்று உப்புக் கூடியவற்றையும் வைத்தியர் சொல்லும் வரை விலக்க வேண்டும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் எமக்குப் பகைவர்களல்லர். அவர்களுக்கும் வாகனமில்லை, எரிபொருளில்லை. எமது கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கூட்டங்களில் வீதிக்கும் மின்சாரத்துக்கும் கொடுக்கும் நேரத்தில் கால் மணித்தியாலத்தை இதற்குக் கொடுக்கலாம். எத்தனை வீட்டில் சொறி இருக்கிறது என்று சங்கமே வீடு வீடாக எண்ணட்டும். அந்த எண்ணிக்கையை எழுதிக் கையொப்பமிட்டு சுகாதார வைத்திய அதிகாரியிடம் கொடுத்து, ஊர் முழுவதற்கும் மருந்து ஒரே நாளில் வேண்டும் என்று கேட்கட்டும். பாடசாலை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை போதும். அன்றைக்குப் பவுசர் இரண்டு முறை வர வேண்டும் என்று பிரதேச சபைக்கும் எழுதட்டும். பங்குகளிலும் நிறுவனங்களிலும் உள்ள நாம் பொதிகளில் சவர்க்காரத்தைக் கணக்குப் பார்த்து வைக்க வேண்டும். உவர்க் கிணறுகளுக்குப் பதிலாக மழைநீர்த் தொட்டி கட்டுவதை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவருமாறு எமது குழுவிடம் கேட்டிருக்கிறோம். விவாதம் நடக்கிறது. தொட்டி படத்தில் அழகாக இராது என்று ஒருவர் சொன்னார்.

அந்தச் சிறுவன் ஒன்பதாம் நாள் வீடு திரும்பினான். அவனுடைய இரண்டு தங்கைமாருக்கும் அப்போது சிரங்கு இருந்தது. மூவருக்கும் பெற்றோருக்கும் அம்மம்மாவுக்கும் ஒரே மாலையில் மருந்து பூசினார்கள். சலத்தில் இரத்தம் இன்னும் சிறிது இருக்கிறது என்கிறார்கள். மாதம் ஒருமுறை தாய் விடியற்காலை ஐந்தரை மணி பஸ்ஸில், ஒரு சிறு போத்தலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, கிளினிக்குக்குப் போய்வருகிறார்.